இயங்குதளங்களின் விற்பனையும் தரமும்: தமிழ்நாட்டு அனுபவத்தின் வழியே ஒரு திறனாய்வு

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையே நின்று வேலைகளை ஒழுங்கு செய்யும் அடிப்படை மென்பொருள் ஆகும். விண்டோஸ், மேக் ஓ.எஸ்., லினக்ஸ் வகைகள், கைபேசிகளில் ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். ஆகியவை இன்று பரவலாக அறியப்பட்டவை. உலக அளவில் மேசைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது விண்டோஸில் இயங்குகின்றன. இந்தியக் கைபேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டில் இயங்குகின்றன.

அதிகம் விற்பது சிறந்ததாக இருப்பதால்தான் விற்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இந்த விளக்கம் போதுமானதன்று. இயங்குதளம் தனிப் பொருளாகப் பெரும்பாலும் விற்கப்படுவதில்லை. அதைச் சுற்றியுள்ள செயலிகள், பயிற்சி, பழுது பார்ப்பவர், எழுத்துரு, தேர்வுமுறை ஆகியவற்றோடு சேர்ந்தே அது நிலைபெறுகிறது. தமிழ்நாட்டு அரசு லட்சக்கணக்கான மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தும் ஒன்று மட்டுமே பயன்பாட்டில் வேரூன்றியதற்கு இதுவே காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

விற்பது யார், வாங்குவது யார்?

கடைக்குச் சென்று கணினி வாங்கும் ஒருவர் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்து வாங்குவது அரிது. திரையின் அளவு, நினைவகம், விலை ஆகியவற்றைக் கேட்பார். இயங்குதளம் ஏற்கெனவே உள்ளே இருக்கும். அதை வாங்கியவர் கணினியைத் தயாரித்த நிறுவனத்தார். ஆகவே இயங்குதள விற்பனையில் முதல் வாடிக்கையாளர் தயாரிப்பாளரே. பயன்படுத்துபவர் இரண்டாம் இடத்தில்தான் வருகிறார்.

2017இல் ஜியோ நிறுவனம் ஜியோபோனை அறிமுகப்படுத்தியது. திரும்பப் பெறத்தக்க வைப்புத் தொகையாக 1,500 ரூபாய் செலுத்தினால் கைபேசி கிடைக்கும் என்ற திட்டத்தால் அது சிற்றூர்களிலும் பரவியது. அதனுள் இயங்கியது கை ஓ.எஸ். என்னும் இயங்குதளம். அதைப் பயன்படுத்தியவர்களில் மிகச் சிலருக்கே அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பெயரே தெரியாத ஒரு பொருள் அதன் தரத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது.

1981: முதல் பாடம்

1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிமேசைக் கணினியை வெளியிட்டது. அக்காலத்தில் சிறு கணினிகளில் புகழ்பெற்றிருந்த இயங்குதளம், கேரி கில்டால் உருவாக்கிய சி.பி.எம். ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனமோ சியாட்டிலில் இருந்த ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து வேறொரு இயங்குதளத்தை விலைக்கு வாங்கி, திருத்தி, ஐ.பி.எம்.முக்கு அளித்தது. அதுவே டாஸ்.

சி.பி.எம்.மின் புதிய பதிப்பும் ஐ.பி.எம். கணினிக்கு வந்தது. ஆனால் சில மாதங்கள் தாமதமாக வந்தது. விலை 240 டாலர். டாஸின் விலை 40 டாலர். வாங்குபவர் எதை எடுப்பார் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. அதைவிட முக்கியமானது ஒப்பந்தத்தின் ஒரு கூறு. டாஸைப் பிற நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. காம்பாக் முதலிய நிறுவனங்கள் ஐ.பி.எம். கணினியைப் போன்ற கணினிகளைத் தயாரிக்கத் தொடங்கியபோது அவை அனைத்துக்கும் டாஸ் தேவைப்பட்டது. கணினித் தயாரிப்பாளர்களுக்குள் போட்டி முற்ற முற்ற இயந்திரத்தின் விலை குறைந்தது. இயங்குதளத்தின் பரப்பு விரிந்தது.

பின்னர் மைக்ரோசாப்ட் வேறொரு முறையையும் கையாண்டது. தயாரிப்பாளர் எந்த இயங்குதளத்தை ஏற்றி விற்றாலும், விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாப்டுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் உரிம முறை அது. வேறொன்றை ஏற்றினால் இரட்டைச் செலவு. அமெரிக்க நீதித்துறையின் தலையீட்டால் 1994இல் இம்முறையைக் கைவிட மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. அதற்குள் சந்தை பெருமளவு உறுதிப்பட்டுவிட்டது.

மஞ்சள் மண்டியும் மென்பொருள் சந்தையும்

நாமக்கல் மாவட்டம் நாமகிரிப்பேட்டையில் ஆர்.சி.எம்.எஸ். எனப்படும் இராசிபுரம் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் மஞ்சள் ஏலம் நடைபெறுகிறது. விரலி, உருண்டை, பனங்காலி என ரகம் பிரித்து மூட்டைகள் வைக்கப்படுகின்றன. வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள். விவசாயி அங்கே மஞ்சளைக் கொண்டுவருவது வியாபாரிகள் வருவதால். வியாபாரிகள் வருவது மஞ்சள் வருவதால்.

பக்கத்து ஊரில் ஒருவர் இதைவிட நல்ல கொட்டகை, துல்லியமான எடைமேடை, குறைந்த தரகு ஆகியவற்றோடு புதிய மண்டி திறப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அங்கே மூட்டை ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு விலை கேட்க ஆள் இருக்காது. இரண்டாம் வாரம் அவர் பழைய இடத்துக்கே திரும்புவார். புதிய மண்டியில் குறை ஒன்றுமில்லை. மற்றவர்கள் அங்கே இல்லை என்பது மட்டுமே அதன் குறை.

பொருளியலார் இதை வலைப்பின்னல் விளைவு என்பர். இயங்குதளச் சந்தையில் விவசாயியின் இடத்தில் மென்பொருள் எழுதுபவரும், வியாபாரியின் இடத்தில் பயன்படுத்துபவரும் இருக்கிறார்கள். மைக்ரோசாப்டுக்கு எதிரான அமெரிக்க அரசின் வழக்கில் 1999 நவம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் வெளியிட்ட முடிவுகளில் இது ஒரு முக்கியக் கூறு. விண்டோஸுக்கு ஏராளமான செயலிகள் இருப்பதே புதிய போட்டியாளர் உள்ளே நுழைய முடியாத தடையாக அமைந்துள்ளது என்று அவர் கண்டார்.

ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்.2 இதற்குச் சான்று. 1992இல் வந்த அதன் பதிப்பு டாஸ், விண்டோஸ் செயலிகளையும் இயக்கியது. இது பெரிய வசதியாகத் தோன்றியது. ஆனால் விண்டோஸுக்கு எழுதினாலே இரண்டிலும் ஓடும் என்றான பிறகு, ஓ.எஸ்.2க்கென்று தனியாக எழுத மென்பொருளாளருக்குத் தேவையில்லாமல் போயிற்று. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபின் ஓ.எஸ்.2 பின்தங்கிவிட்டது.

இந்த விதி சேலம், நாமக்கல் வட்டாரத்திலும் கண்கூடு. சேகோ ஆலை, முட்டைப் பண்ணை, லாரி அலுவலகம் எதுவானாலும் கணக்கு எழுதப் பயன்படுவது பெரும்பாலும் டேலி. அது விண்டோஸில் இயங்குவது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், கடைக்காரரின் கணக்கு ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கோப்பாகவே செல்ல வேண்டியிருந்தது. ஆடிட்டர் டேலியில் கேட்கிறார். கணக்கர் டேலி படித்திருக்கிறார். ஆகவே கடையில் விண்டோஸ் இருக்கிறது. இங்கே எவரும் இயங்குதளங்களை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கவில்லை.

விலை குறைவாக இருந்தும் தோற்பது எப்படி?

லினக்ஸ் 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதை யாரும் கட்டணமின்றிப் பெறலாம், படியெடுக்கலாம், திருத்தலாம். விலையே காரணமானால் வருவாய் குறைந்த நாடுகளில் அதுவே முன்னிலையில் இருந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

காரணம், இங்கே விண்டோஸும் பலருக்கு விலையின்றிக் கிடைத்தது என்பதே. 1990களிலும் 2000களிலும் சிற்றூர்களில் உதிரிபாகங்களை வாங்கி இணைத்துத் தரும் கணினிகளே பெருவழக்கு. அவற்றில் உரிமமற்ற விண்டோஸ் படியை ஏற்றித் தருவது சாதாரணமாக நடந்தது. கூடவே அலுவலக மென்பொருள், படத்திருத்தி, விளையாட்டு எல்லாம் ஒரே குறுந்தகட்டில் வந்தன. இதனால் லினக்ஸுக்கு இருந்த ஒரே வெளிப்படையான சலுகை மதிப்பிழந்தது. விலை இரண்டுக்கும் சுழியம் என்றானபோது, பக்கத்து வீட்டில் எது இருக்கிறதோ அதுவே வென்றது.

உரிமமற்ற படிகளால் மைக்ரோசாப்டுக்கு உடனடி வருவாய் இழப்பு ஏற்பட்டது உண்மை. எனினும் ஒரு தலைமுறை முழுவதும் அந்த இயங்குதளத்திலேயே விரல் பழகியது. அவர்கள் வேலைக்குச் சென்ற அலுவலகங்கள் முறையான உரிமம் வாங்கின. நீண்ட காலக் கணக்கில் அந்த இழப்பு விளம்பரமாகவும் பயன்பட்டது.

எழுத்துருவின் பங்கு

தமிழருக்கு இன்னொரு பிணைப்பும் இருந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தட்டச்சு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களைக் கொண்டே நடந்தது. பாமினி, வானவில் முதலிய பெயர்கள் அச்சகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பழக்கமானவை. ஒரு எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும்.

திருமணப் பத்திரிகை அச்சடிக்கும் டி.டி.பி. கடைகள் பேஜ்மேக்கர் மென்பொருளை நம்பியிருந்தன. 7.0 பதிப்போடு நின்றுவிட்ட அம்மென்பொருளுக்குத் தமிழ் ஒருங்குறி தெரியாது. லினக்ஸில் அது வந்ததுமில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மாதிரிகள், கோவில் அழைப்பிதழ்கள், இரசீதுப் புத்தக வடிவங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. இயங்குதளத்தை மாற்றுவது என்றால் அந்தச் சேமிப்பையே கைவிடுவது என்று பொருள்.

விண்டோஸ் 2000 பதிப்பிலேயே லதா என்னும் எழுத்துருவோடு தமிழ் ஒருங்குறி வந்துவிட்டது. லினக்ஸில் தமிழ் இடைமுகம் உருவாக்கத் தன்னார்வலர்கள் அதே காலத்தில் உழைத்தனர். ஆனால் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை அதிகாரப்பூர்வ முறையாக ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய எழுத்துருக்களில் சேர்ந்த ஆவணங்கள் பயனரை விண்டோஸோடு மேலும் இறுகக் கட்டின. மொழியின் தரப்பாடு தாமதமானால் இயங்குதளத் தேர்வும் குறுகும் என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டு அரசின் முயற்சிகள்

மாற்று மென்பொருளைத் தமிழ்நாடு முயலவே இல்லை என்று கூற முடியாது. 2005ஆம் ஆண்டளவில் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் கற்பிக்கப்பட்டது. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் விண்டோஸுடன் உபுண்டுவையும் படித்தனர்; கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் இடம்பெற்றது.

2006 முதல் 2008 வரை எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் அவ்வழிக்கு வர வேண்டும் என்று முனைந்தார். அதே காலத்தில், 2007 ஜனவரியில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வெளியானது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளித்தது.

2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் ஏற்றப்பட்டிருந்தன. கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். உலகில் வேறெங்கும் எளிதில் அமையாத ஒரு வாய்ப்பு இது. ஒரே இயந்திரம், ஒரே விலை, இரண்டு இயங்குதளங்கள், லட்சக்கணக்கான புதிய பயனர்கள். தரமும் விலையும் மட்டுமே தீர்மானிப்பதாக இருந்தால், ஓரளவாவது இரண்டும் பங்கிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலான மாணவர்கள் விண்டோஸிலேயே நின்றனர். இதற்கு மாணவரைக் குறை கூறுவது தவறு. ஒரு மாணவி வீட்டில் பாஸ் லினக்ஸைத் திறக்கிறாள் என்று கொள்வோம். ஐயம் வந்தால் யாரைக் கேட்பாள்? பக்கத்துக் கணினி மையத்தில் விண்டோஸ்தான் தெரியும். பழுது பார்ப்பவர் சொல்லும் முதல் தீர்வு, விண்டோஸை மறுபடி ஏற்றுவது. வேலைவாய்ப்புக்கென்று சேரும் பயிற்சி வகுப்பில் டேலியும் மைக்ரோசாப்ட் ஆபீஸும். கல்லூரிக்குச் சென்றால், பல ஆய்வகங்களில் டாஸ் காலத்து டர்போ சி நீலத்திரை. மடிக்கணினியில் இரண்டு கதவுகள் இருந்தன. ஆனால் வெளியே செல்லும் பாதை ஒன்றுக்குத்தான் போடப்பட்டிருந்தது.

பாடநூல் ஒன்றைக் கற்பித்தது, பெட்டி மற்றொன்றைத் தந்தது, கடைத்தெரு மூன்றாவதைக் கேட்டது. திட்டத்தின் குறை இங்கேதான் உள்ளது. இயங்குதளத்தை ஏற்றித் தருவதோடு அரசின் கடமை முடிந்ததாகக் கருதப்பட்டது. அதைச் சுற்றி ஆசிரியர் பயிற்சி, செய்முறைத் தேர்வு, உதவி மையம், அரசு அலுவலகப் பயன்பாடு ஆகியவை ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை.

கேரளத்தின் ஒப்பீடு

கேரளம் வேறு வழியில் சென்றது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2000களின் பிற்பகுதிக்குள் பள்ளிக் கணினிக் கல்வியை லினக்ஸுக்கு மாற்றிவிட்டது. 2017இல் அது கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. அங்கே பள்ளிகளுக்கென்றே தொகுக்கப்பட்ட லினக்ஸ், அதைக் கொண்டே எழுதப்பட்ட பாடநூல், அதில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், பத்தாம் வகுப்பில் அதிலேயே நடக்கும் செய்முறைத் தேர்வு ஆகிய நான்கும் ஒன்றாக வந்தன.

கேரளத்திலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் விண்டோஸ் நீங்கிவிடவில்லை. பள்ளிக்குள் மட்டும் ஒரு சிறிய சந்தை உருவாக்கப்பட்டது. ஆனால் அந்தச் சந்தை முழுமையானது. அதற்குள் செல்லும் மாணவருக்குக் கேட்க ஆளும் படிக்க நூலும் எழுதத் தேர்வும் இருந்தன. தமிழ்நாட்டின் தோல்வி லினக்ஸ் கடினமானது என்பதால் நேர்ந்ததன்று என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று இல்லை.

வென்றவரும் தோற்ற இடம்

இந்த விதி எந்த நிறுவனத்துக்கும் சொந்தமன்று. கைபேசித் துறையில் மைக்ரோசாப்டே இதனால் தோற்றது. 2010இல் வந்த விண்டோஸ் போனின் வடிவமைப்பும் வேகமும் பாராட்டப்பட்டன. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சிம்பியனைக் கைவிட்டு அதை ஏற்பதாக அறிவித்தது. ஆனால் அதற்குள் செயலி எழுதுபவர்கள் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சென்றுவிட்டனர். மக்கள் விரும்பிய செயலிகள் விண்டோஸ் போனுக்குத் தாமதமாக வந்தன அல்லது வரவே இல்லை. மேசைக்கணினியில் லினக்ஸ் பட்ட பாட்டைக் கைபேசியில் விண்டோஸ் பட்டது.

ஆண்ட்ராய்டின் உட்கரு லினக்ஸே. கூகுள் அதைத் தயாரிப்பாளர்களுக்கு உரிமக் கட்டணமின்றி வழங்கியது. செயலிக் கடையையும் கூடவே தந்தது. 1981இல் டாஸ் செய்ததை இன்னும் மலிவாகச் செய்தது எனலாம். சாதாரண மக்களுக்கு லினக்ஸ் பிடிபடாது என்று சொன்னவர்களின் சட்டைப் பையிலேயே இன்று லினக்ஸ் இருக்கிறது.

இப்போட்டியின் விளைவு தமிழ்நாட்டையும் தொட்டது. 2006இல் திறக்கப்பட்ட நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. வரி வழக்கின் காரணமாக அத்தொழிற்சாலை மைக்ரோசாப்டுக்குக் கைமாறவில்லை என்பது நேரடிக் காரணம். ஆயினும் நோக்கியாவின் கைபேசிப் பிரிவே விற்பனைக்கு வந்ததன் பின்னணியில் இயங்குதளப் போட்டியில் அது அடைந்த தோல்வி இருந்தது. எங்கோ நடக்கும் மென்பொருள் போட்டி உள்ளூர் வேலைவாய்ப்பையும் பாதிக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மாற்றுக் கருத்துகள்

விண்டோஸின் வெற்றிக்குத் தரமும் காரணம் என்று வாதிடுவோர் உள்ளனர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. பழைய செயலிகளைப் புதிய பதிப்பிலும் ஓடவைப்பதில் மைக்ரோசாப்ட் காட்டிய அக்கறை பெரிது. எந்த அச்சுப்பொறியைச் செருகினாலும் வேலை செய்யும் என்ற நம்பிக்கை கடைக்காரருக்கு மதிப்புமிக்கது. லினக்ஸில் அந்நாளில் அச்சுப்பொறி, கம்பியில்லா இணைப்பு ஆகியவற்றை இயங்கவைப்பது சிக்கலாக இருந்ததும் உண்மையே. ஆனால் வன்பொருள் நிறுவனங்கள் விண்டோஸுக்கு முதலில் இயக்கி எழுதியதே அதன் பரப்பைக் கண்டுதான். தரம் பரப்பைத் தந்தது. பரப்பு தரத்தைத் தந்தது. இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க இயலாது.

பயனர் தேர்வுக்கு எதிராக அரசு எதையும் திணிக்கக் கூடாது என்பது இன்னொரு வாதம். பழக்கத்தால் அமைந்த நிலையைத் தேர்வு என்று அழைப்பதில்தான் இவ்வாதத்தின் பலவீனம் உள்ளது. ஒன்றை மட்டுமே அறிந்தவர் தேர்ந்தெடுத்தவர் ஆகார். 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேக 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. இணையச் சேவையகங்களில் பெரும்பான்மையும் அதுவே. மென்பொருள் வேலைக்குச் செல்ல விரும்பும் மாணவருக்கு அதை அறிமுகப்படுத்தாமல் விடுவதே அவரது தேர்வைக் குறுக்குவதாகும்.

இன்றைய பொருத்தம்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 ஏற்பதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட வன்பொருள் தேவைகள் உண்டு. விலையில்லாத் திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் இத்தகுதி பெறாதவை. அவற்றில் இன்றும் இயங்கும் நிலையில் உள்ளவற்றுக்கு எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்றை ஏற்றினால், கடிதம் எழுதவும் இணையத்தில் படிக்கவும் நிரல் எழுதப் பழகவும் இன்னும் சில ஆண்டுகள் உதவும்.

2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கணினிகள் வழங்கப்படும் என்று தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. எந்த இயங்குதளம் உள்ளே இருக்கும் என்ற கேள்வி முக்கியமானதே. அதனினும் முக்கியமானவை வேறு சில: அதைக் கற்பிக்க ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா, அதில் தேர்வு உண்டா, பழுதானால் வட்ட அளவில் கேட்க இடம் உண்டா, அதில் எழுதிய தமிழ்க் கோப்பை அரசு அலுவலகம் ஏற்குமா? 2011இல் இக்கேள்விகள் எழுப்பப்பட்டிருந்தால், அந்த மடிக்கணினிகளில் இருந்த இரண்டாவது இயங்குதளம் பல மாணவர்களுக்குப் பயன்பட்டிருக்கும்.